யாருடைய ஆள்?

"நீ யாருடைய ஆள்?"

நம் நாட்டுச் சிற்றூர்களிலே புதியவனைக் கண்டவுடன் எழுந்த கேள்வி இது. பெயர் என்ன என்று கேட்பதற்கு முன்னால், பசியா என்று கேட்பதற்கு முன்னால், உன் உரிமையாளன் எவன் என்று கேட்டது அன்றைய சமுதாயம். விடை கூற முடியாதவன் ஊருக்குள் நிற்க முடியவில்லை. விடை கூறியவனோ நிமிர்ந்து நிற்க முடியவில்லை!

தமிழிலே 'ஆள்' என்பது வியப்புக்குரிய சொல். மனிதன் என்றாலும் ஆள்தான். பண்ணையிலே உழன்று தேய்ந்தவனும் ஆள்தான். பண்ணையாள், படியாள், அடியாள் என்று எத்தனை பெயர்கள்! அதே சொல் வினையாக மாறும்போது 'ஆளுதல்' என்று பொருள்படுகிறது. ஆளப் பிறந்தவனுக்குரிய பெயரை ஆளப்படுபவன் நெற்றியிலே ஒட்டிவைத்த விந்தையை என்னென்பது!

1843-ஆம் ஆண்டு வெள்ளையர் கம்பெனி ஆட்சியிலே பிறந்த ஐந்தாம் சட்டம், அடிமை மீது உரிமை கொண்டாடுவதை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. ஏட்டிலே அடிமைத்தளை அறுந்தது. வயலிலே அறுந்ததா? தஞ்சைப் பண்ணையாள்களுக்கென ஒரு பாதுகாப்புச் சட்டம் பிறக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இலே நாடு முழுமைக்கும் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது. ஒரே நோய்க்கு மூன்று முறை மருந்து கொடுத்தனர் என்றால், நோயின் வேர் வேறெங்கோ இருக்கிறது என்பது விளங்கவில்லையா? மனிதன் தனக்குத்தானே உரியவன் என்னும் எண்ணம் இந்த மண்ணிலே வேர் பிடிக்கவில்லை. வேர் பிடிக்கவிடவில்லை! அந்த எண்ணத்தின் வரலாற்றைத்தான் இங்கே ஆராய முற்படுகிறோம்.

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து விருத்தாசலம் நோக்கிச் செல்லும் சாலையிலே மங்கலம்பேட்டை இருக்கிறது. அதைக் கடந்து விருத்தாசலம் சென்றால் பீங்கான் தொழிற்கூடங்களைக் காணலாம். நெய்வேலிப் பகுதியிலே கிடைக்கும் வெண்களிமண்ணைக் கரைத்து, வடிகட்டி, அச்சிலே வார்த்து, உலர்த்தி, மெருகு பூசிச் சூளையிலே சுட்டெடுக்கிறார்கள். பொம்மையாகிறது, கோப்பையாகிறது, மின்சாரத்துக்கான பியூஸ் கட்டையாகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. ஒன்று உடைந்தால் அதே அச்சிலே மற்றொன்று வார்க்கலாம். வாங்கியவனுக்கு இழப்பு இல்லை.

மனிதனை அவ்விதம் வார்க்க முடியுமா? செருமானிய நாட்டு அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785-இலே வெளியிட்ட அறவியல் நூலிலே தெளிவான கோடு ஒன்றைக் கிழித்தார். ஈடாக வேறொன்றை வைக்கத்தக்க பொருளுக்கு விலை உண்டு. ஈடே இல்லாததற்கு மாண்பு உண்டு. மனிதன் இரண்டாம் வகை. ஆகவே எவரையும் வெறும் கருவியாக்கிப் பயன்படுத்தாதே என்றார். கோப்பை தேநீருக்காக இருக்கிறது. மனிதன் எதற்காக இருக்கிறான்? தனக்காக! அந்த ஒரு சொல்லுக்குள்ளே ஒரு புரட்சி அடங்கிக் கிடந்தது.

நம் நாட்டிலோ, கோப்பைக்கே சாதி கற்பித்தார்கள்! ஒரே சூளையிலே வெந்த குவளைகளைத் தேநீர்க் கடையிலே இரண்டு வரிசையாக்கி, இது ஊருக்கு, அது சேரிக்கு என்று பிரித்துவைத்த இரட்டைக் குவளைக் கொடுமையைத் தமிழ்நாட்டின் பல ஊர்கள் கண்டன. மண்ணுக்குத் தெரியாத வேற்றுமை, மண்ணைப் பிசைந்த கைக்குத் தெரியாத வேற்றுமை, மனுவின் மூளைக்கு மட்டும் தெரிந்தது!

காண்ட் விதைத்த கருத்தை மேனாட்டிலே பின்வந்தோர் 'பெர்சனலிசம்' என்னும் பெயரிலே வளர்த்தனர். ஆள்மைக் கொள்கை என்று நாம் அதனைத் தமிழிலே கூறலாம். அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்திலே போர்டன் பார்க்கர் பவுன் அதனைப் போதித்தார். 1908-இலே அப்பெயராலேயே நூலும் எழுதினார். பிரான்சிலே எம்மானுவேல் மூனியே 1932-இலே 'எஸ்ப்ரி' என்னும் ஏட்டைத் தொடங்கினார். பணத்தைத் தேடித் தன்னைத் தொலைக்கும் தனிநலக்காரனையும் அவர் ஏற்கவில்லை. மனிதனை எந்திரத்தின் பல்லாக மாற்றும் சர்வாதிகாரத்தையும் அவர் ஏற்கவில்லை. பிறரோடு கூடி வாழ்வதாலேயே மனிதன் முழு ஆளாகிறான். ஆனால் எந்தக் கூட்டமும் அவனை விழுங்கிவிட உரிமை பெறவில்லை என்றார். நாஜிகளுக்குப் பணிந்த விசி ஆட்சி 1941-இலே அவருடைய ஏட்டை முடக்கியது; 1942-இலே அவரைச் சிறையிலே தள்ளியது. சிறையிலும் உண்ணாநோன்பிருந்து போராடினார். 1950-இலே, 45 வயது நிரம்பும் முன்னரே மறைந்தார்.

அதே பாஸ்டனிலே 1955-இலே டாக்டர் பட்டம் பெற்று வெளியேறினார் மார்ட்டின் லூதர் கிங் என்னும் கறுப்பின இளைஞர். ஆள்மைக் கொள்கையே தமது தத்துவ அடிப்படை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ஆண்டின் இறுதியிலேயே மாண்ட்கோமரி நகரிலே பேருந்து மறுப்புப் போர் மூண்டது. 381 நாட்கள் நடந்தே சென்றனர் நீக்ரோ மக்கள். வண்டியிலே பின்வரிசை ஒதுக்கப்பட்டதே என்பதற்காக! 1959-இலே கிங் நம் நாட்டுக்கு வந்தார். திருவனந்தபுரத்திலே, தீண்டாதார் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் பயின்ற பள்ளியிலே, அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம்மைப் போன்ற ஒரு தீண்டாதார் என்று அவரை அறிமுகப்படுத்தினார் தலைமையாசிரியர். முதலில் அவருக்கு அதிர்ச்சி. எண்ணிப் பார்த்தார், ஆம், நானும் தீண்டாதானே என்று உணர்ந்தார். கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர் ஒரு நொடியிலே உணர்ந்த உண்மையை, கால்கல் தொலைவிலே ஊருக்குள் வாழ்ந்தவர்கள் ஓராயிரம் ஆண்டாக உணரவில்லையே!

இனி நம் மண்ணைப் பார்ப்போம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேதான் சிதம்பரம் இருக்கிறது. நந்தன் கதையை அறியாதார் யார்? கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டிலே இயற்றிய நந்தனார் சரித்திரத்திலே நந்தன் ஒரு பண்ணையாள். சிதம்பரம் சென்றுவர ஆண்டையிடம் விடை கேட்டுக் கெஞ்சுகிறான். தன் கால்களால் நடக்க இன்னொருவன் இசைவு வேண்டும். அதுதான் 'ஆள்' என்பதன் பொருள்! கோயிலுக்குள் நுழைவதற்கோ தீக்குளிக்க வேண்டியிருந்தது. தீயிலே புகுந்தவர் பூணூலணிந்த முனிவராக வெளிப்பட்டார் என்கிறது பெரியபுராணம். தோழர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். உள்ளே நுழைந்தவன் நந்தனா? இல்லை, நந்தனை எரித்துவிட்டு வேறொருவனை உள்ளே விட்டார்கள். அவன் அவனாகவே நுழைய அங்கே இடமில்லை.

அந்த நந்தன் பெயராலேயே, அதே சிதம்பரத்திலே, 1916-இலே கல்விக் கழகம் ஒன்றை நிறுவினார் சுவாமி சகஜானந்தர். அவர் துறவி, ஆன்மிகவாதி. அவ்வகையிலே நம் வழி வேறு. எனினும், நந்தன் வழித்தோன்றல்களுக்கு அவர் காட்டியது தீக்குழியை அன்று, பள்ளிக்கூட வாயிலை! எழுத்தறிந்த பிள்ளை எவனுக்கும் ஆளாக இருக்கமாட்டான் என்பதை அறிந்து செய்த அருந்தொண்டு அது. 1959-இலே அவர் மறைந்தபோது அப்பள்ளியிலே படித்த பல தலைமுறையினர் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தனர்.

1925-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் ஈரோட்டிலே 'குடி அரசு' பிறந்தது. சுயமரியாதை என்னும் சொல் தெருவெங்கும் ஒலித்தது. அந்தச் சொல்லின் புதுமையை இன்றைய இளைஞர் முழுதும் உணர்ந்திருப்பார்களா என்பது ஐயமே. நம் ஊர்களிலே 'மரியாதை' என்பது பங்கிடப்பட்ட பொருள். கோயில் மரியாதை, முதல் மரியாதை, பரிவட்ட மரியாதை - இன்ன குடும்பத்துக்கு இத்தனை, இன்ன சாதிக்கு இவ்வளவு, இன்னாருக்கு ஏதுமில்லை! பிறர் அளந்து ஊற்றுவதை ஏந்தி வாங்கவேண்டும். அந்தச் சொல்லுக்கு முன்னே 'சுய' என்னும் இரண்டெழுத்தைப் பெரியார் சேர்த்தார். சேர்த்தவுடன் பங்கீட்டுக் கடை முழுவதும் சரிந்தது! மரியாதை மேலிருந்து வருவதன்று, உள்ளிருந்து எழுவது என்றாயிற்று. மானத்துக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அடுத்து வைத்த பெருமை அதிகாரத்திலே பிறப்பினால் எல்லா உயிரும் ஒன்றே என்று கூறிய வள்ளுவரின் நெறி, ஏட்டிலிருந்து இறங்கி வீதிக்கு வந்தது.

1929 பிப்ரவரி 17, 18 நாட்களிலே செங்கற்பட்டிலே முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, சௌந்தரபாண்டியனார் தலைமையிலே கூடியது. பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதி வாலை அறுத்தெறிய வேண்டும் என்று முடிவு செய்தது. பெண்ணுக்கு ஆணோடு ஒத்த சொத்துரிமை வேண்டும் என்றது. கைம்பெண் மணம் வேண்டும், மணவிலக்கு உரிமை வேண்டும் என்றது. சிரித்தார்கள் சிலர். ஆனால் பெண்ணுக்குச் சொத்திலே சம பங்கு வழங்கும் சட்டம் 1989-இலே தமிழ்நாட்டிலே நிறைவேறியது. 2005-இலே இந்தியா முழுமைக்கும் வந்தது. சிரித்தவர்களின் பேத்திமார்களும் இன்று அந்தப் பங்கைப் பெறுகிறார்கள்!

மேனாட்டு ஆள்மைக் கொள்கையினருக்கும் நம் சுயமரியாதைக்காரருக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. பவுனும் மூனியேயும் மனிதனின் மாண்பைக் கடவுளிடமிருந்து பெற்றனர். கடவுளின் படைப்பு, ஆதலால் மதிப்புடையவன் என்றனர். அந்த நாட்டிலே அக்கருத்து அடிமையின் விலங்கை உடைக்கவும் பயன்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டிலே கடவுளின் பெயரால்தானே முகத்திலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்று பிரித்தார்கள்! மேலிருந்து அருளப்பட்ட மாண்பென்றால், ஒருவனுக்கு அருளி மற்றவனுக்கு மறுத்துவிட்டதாகக் கதை கட்டலாம்; கட்டினார்கள். எனவே, கொடுப்பவன் இல்லாத மாண்பை நாடினர் நம் முன்னோடிகள். மனிதனுக்குப் பகுத்தறிவு இருக்கிறது, அது போதும். எவரும் கொடுத்ததில்லை, ஆதலால் எவரும் பறிக்க உரிமையில்லை என்றனர். தத்துவ உலகுக்குத் தமிழகம் வழங்கிய புதுமை இது என்று துணிந்து கூறுவோம்.

உலகும் அந்தத் திசையிலே நகர்ந்தது. 1948 டிசம்பர் 10-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் மன்றம் மனித உரிமைப் பேரறிவிப்பை ஏற்றது. அதன் முதல் விதி முதலிலே 'ஆடவர் அனைவரும்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு எழுதப்பட்டிருந்தது. இந்தியாவின் சார்பிலே சென்ற அன்சா மேத்தா என்னும் பெண்மணி வாதாடி, 'மனிதர் அனைவரும்' என்று மாற்றச் செய்தார். ஒரு சொல்தான், உலகின் பாதி மக்களை உள்ளே அழைத்துவந்தது அச்சொல்! அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையிலே அண்ணல் அம்பேத்கர் பேசினார். கிராமமே நம் அரசியலுக்கு அடிப்படை அலகாக வேண்டும் என்று வாதிட்டோரைப் பார்த்து, கிராமம் குறுகிய மனத்தின், அறியாமையின், சாதி வெறியின் இருப்பிடம் என்று சாடினார். வரைவுச் சட்டம் கிராமத்தை விலக்கித் தனிமனிதனை அலகாகக் கொண்டதற்கு மகிழ்கிறேன் என்றார். நாட்டை அளக்கும் கோல் ஊரன்று, சாதியன்று, குடும்பமன்று, ஒற்றை மனிதன்! தனிமனிதனின் மாண்பு என்னும் சொற்கள் அரசியல் சட்டத்தின் முகப்புரையிலேயே இடம்பெற்றன.

முகப்புரையிலே இடம்பெற்றது வாழ்விலே இடம்பெற்றதா? மணமேடையைக் காண்போம். ஒருவனோ ஒருத்தியோ தனக்குத்தானே உரிய ஆளா என்பதைச் சோதிக்க அதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. 1928-இலே அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்திலே முதல் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்றது. புரியாத மந்திரம் இல்லை, புகை இல்லை, புரோகிதன் இல்லை. மணமக்களின் ஒப்புதலே மணம்! ஆயிரமாயிரம் மணங்கள் தொடர்ந்தன. 1953-இலே சென்னை உயர் நீதிமன்றம், இத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. மனமொத்து வாழ்ந்தோரின் வாழ்வையும், பிறந்த குழந்தைகளின் பெயரையும் அந்தத் தீர்ப்பு ஐயத்துக்கு உள்ளாக்கியது. அக்கறையைத் துடைத்தது அண்ணாவின் ஆட்சி. 1967-இலே சட்டமன்றத்திலே நிறைவேறி, 1968 சனவரியிலே நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், முன்பு நடந்த சுயமரியாதை மணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. தமக்குப் புரிந்த மொழியிலே ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகக் கூறலாம்; அல்லது மாலை மாற்றலாம்; அல்லது மோதிரம் அணிவிக்கலாம்; அல்லது தாலி கட்டலாம் என்றது. அந்த 'அல்லது' என்னும் சொல்லைக் கவனியுங்கள். விரும்பினால் உண்டு, விரும்பாவிட்டால் இல்லை என்று மனிதன் கையிலே முடிவை ஒப்படைத்த சொல் அது. 2023 ஆகஸ்டு 28-இலே உச்ச நீதிமன்றம், அத்தகைய மணத்துக்கு ஊரறியும் விழா தேவையில்லை என்று மேலும் உறுதிப்படுத்தியது.

இதே தென்னார்க்காட்டின் காட்டுமன்னார்கோயில் தந்த தலைவர் எல். இளையபெருமாள். பள்ளியிலே தாழ்த்தப்பட்ட மாணவருக்கெனத் தனியே வைத்திருந்த தண்ணீர்ப் பானையை இளமையிலேயே உடைத்தெறிந்தவர் என்பர். 1952-இலே நாடாளுமன்றம் சென்றார். 1965-இலே இந்திய அரசு அமைத்த தீண்டாமைக் குழுவுக்குத் தலைவரானார். 1969-இலே அறிக்கை அளித்தார். அர்ச்சகர் வேலை பரம்பரை உரிமையாக இருப்பதை ஒழிக்கவேண்டும் என்றும் அவ்வறிக்கை கூறியது. அதனைத் தொடர்ந்து 1970-இலே கலைஞர் ஆட்சி சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. வழக்குகள், தடைகள், வாதங்கள் எல்லாம் கடந்து, 2021 ஆகஸ்டிலே பல்வேறு சாதியினரும் அரசின் ஆணையோடு அர்ச்சகராயினர். கருவறையை நாம் போற்றுவதற்காக இதைக் கூறவில்லை. பிறப்பைக் காட்டிப் பூட்டிய எந்தக் கதவும் பூட்டியே கிடக்கலாகாது என்பதற்காகக் கூறுகிறோம்.

இத்தனை வரலாற்றையும் எழுதிவிட்டு இங்கேயே நிறுத்தினால் வெற்றி முழக்கமாக முடிந்திருக்கும். ஆனால், மங்கலம்பேட்டை அடங்கிய அந்த விருத்தாசலம் வட்டாரம் நம்மை அவ்வளவு எளிதிலே விடாது.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையிலே தாழ்த்தப்பட்ட குடியிலே பிறந்த பொறியியல் பட்டதாரி ஒருவன் இருந்தான். அதே ஊரிலே வேறு சாதியிலே பிறந்த படித்த பெண் ஒருத்தி இருந்தாள். 2003 மே 5-ஆம் நாள் கடலூர்ப் பதிவு அலுவலகத்திலே மணம் புரிந்துகொண்டனர். நாட்டின் சட்டம் ஒப்பியது. ஊர் ஒப்பவில்லை. சூலை 8-ஆம் நாள், பெண்ணின் குடும்பத்தார் முன்னின்று, ஊரார் பலர் காண, இருவருக்கும் நஞ்சூட்டிக் கொன்று எரித்தனர். அந்தோ! நந்தனை எரித்த நெருப்பு அணையவே இல்லை.

அதன் பின்னர் நடந்தது அதனினும் கொடிது. உண்மையை மறைக்க உள்ளூர்க் காவலர் முயன்றனர். கொலையுண்டவனின் உறவினர் மீதும் பழி சுமத்தப்பட்டது. 2004-இலே உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 2021 செப்டம்பர் 24-ஆம் நாள் கடலூர் சிறப்பு நீதிமன்றம் ஒருவருக்கு மரண தண்டனையும் பன்னிருவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. தண்டிக்கப்பட்டோரிலே காவல் துறையினரும் இருந்தனர். 2022-இலே உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: அவர்கள் மணவாழ்வு இரண்டு திங்கள், நீதியின் பயணம் இருபத்திரண்டு ஆண்டுகள்!

கொன்றவர்கள் கூறிய காரணம் என்ன? குடும்ப மானம். மானம் என்ற சொல்லை இதைவிடக் கீழே இழுக்க முடியுமா? அந்தப் பெண் தனக்குரிய ஆளாக நடந்தாள். அவள் எங்கள் ஆள் என்றனர் சாதிக்காரர். பண்ணையார் பண்ணையாளைத் தன் உடைமை என்றதற்கும், சாதி தன் மகளைத் தன் உடைமை என்றதற்கும் என்ன வேறுபாடு? சிலர் இதனைக் கௌரவக் கொலை என்று எழுதினர். கொலையிலே கௌரவம் ஏது? ஆணவக் கொலை என்று திருத்தியது தமிழ்நாட்டின் மனச்சான்று. 2018 மார்ச்சிலே உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணக்க முடிவு செய்தால் குடும்பமோ ஊரோ சாதியோ இசைவு தரவேண்டிய தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. 2025 அக்டோபரிலே, இக்கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையிலே ஆணையம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

"தனிமனிதன், தனிமனிதன் என்கிறீர்களே, குடும்பம் சிதையாதா? உறவு அறுந்துபோகாதா?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நாம் கூறுவது இது: அச்சத்தால் கட்டிய கட்டு உறவன்று, தளை. பெற்றோரின் அன்பை மகள் துறக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை; பெற்றோரின் அன்புக்கு விலையாக அவள் தன்னைத் துறக்கக்கூடாது என்கிறோம். தன்மானமுள்ள இருவர் கூடினால் குடும்பம். தன்மானமுள்ள பலர் கூடினால் ஊர். உடைமைகள் கூடினால் என்ன ஆகும்? கிடங்கு ஆகும்!

சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்யட்டும். இளைஞர் செய்யவேண்டியது வேறு இருக்கிறது. உங்கள் தமக்கை தன் விருப்பத்தைக் கூறும் நாளிலே, வீட்டிலே எழும் முதல் கூச்சலுக்கு எதிராக எழும் முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும். பெயரோடு ஒட்டிவரும் சாதியை நீங்கள் எழுதாதீர்கள். பிறர் எழுதினால் படிக்காதீர்கள். நண்பன் மணப்பதிவுக்குச் சாட்சி தேடினால் முதல் ஆளாகச் சென்று கையெழுத்திடுங்கள். பதிவு முடிந்த பிறகும் அவர்கள் பாதுகாப்பாக வாழும் வரையிலே உடனிருங்கள். புதுக்கூரைப்பேட்டையிலே அன்று ஊர் திரண்டது. திரண்டவர்களிலே தடுக்கும் கை ஒன்று எழுந்திருந்தால்? அந்த ஒரு கையாக இருப்பதே சுயமரியாதைக்காரன் கடமை.

"நீ யாருடைய ஆள்?" என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. வேறு வேறு சொற்களிலே, பள்ளியிலும், பணியிடத்திலும், மணப்பந்தலிலும் கேட்கப்படுகிறது. எவருடைய ஆளும் அல்லேன் என்று விடை கூறுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். எனக்கும் எவரும் ஆளில்லை என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். முதல் பாதியைக் கூற வீரம் வேண்டும். இரண்டாம் பாதியைக் கூற அறிவு வேண்டும். இரண்டும் சேர்ந்ததே தன்மானம்!